வாட்ஸ்அப் குழுவை விட்டு ஆர்சிஎஸ்ஸுக்கு மாறலாமா?

கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (மலைக் கிராமம்) ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் ஊரில் அறுபது சிறு தேயிலை விவசாயிகள் சேர்ந்து, பறித்த கொழுந்தை ஒரே வண்டியில் ஏற்றி ஃபாக்டரிக்கு அனுப்புகிறார்கள். வண்டி வரும் நேரம், பச்சைத் தேயிலை விலை, மழை எச்சரிக்கை எல்லாமே ஒரு வாட்ஸ்அப் குழுவில்தான் போகிறது. இப்போது போனோடு வரும் மெசேஜ் செயலியில் ‘ஆர்சிஎஸ்’ என்று காட்டுகிறது. அது எஸ்எம்எஸ் மாதிரி திறந்த தரநிலை, எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் குழுவை அங்கே மாற்றிவிடலாமா என்பதுதான் கேள்வி.

இப்போதைக்கு மாற்ற வேண்டாம் தம்பி. ஆனால் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலேயே வைத்திருப்பதும் சரியில்லை. நான் இருபத்தைந்து வருஷம் இந்த மலையில் டவர் வேலை, டிரான்ஸ்மிஷன் வேலை பார்த்தவன். குன்னூரில் இருந்துகொண்டு கூடலூர், பந்தலூர் வரைக்கும் போய்வந்தவன். இந்தப் பழக்கத்தில் ஒன்று தெரிந்துகொண்டேன். ‘திறந்த தரநிலை’ என்று யாராவது சொன்னால் அதோடு இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். அந்த விதிகளை வைத்து ஓடுகிற இயந்திரம் யார் கையில் இருக்கிறது? நாளைக்கு எனக்குப் பிடிக்காமல் போனால், என் ஆட்களை இழக்காமல் நான் வெளியே வர முடியுமா? இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் எஸ்எம்எஸ், வாட்ஸ்அப், ஆர்சிஎஸ் மூன்றும் எங்கே நிற்கின்றன என்று தெரிந்துவிடும்.

எஸ்எம்எஸ்ஸில் இருந்து தொடங்குகிறேன். 1980-களில் ஜிஎஸ்எம் என்ற செல்போன் விதிகளை எழுதியபோது ஜெர்மனியின் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்டும் பிரான்சின் பெர்னார் கிலபெர்ட்டும் முன்வைத்த யோசனை அது. பேச்சுக்கு வழி ஏற்படுத்தும் சிக்னல் தடத்தில் சும்மா கிடக்கும் இடத்தில் குட்டிச் செய்தி ஒன்றை அனுப்பலாமே என்றார்கள். கிடைத்த இடம் 140 பைட், அதாவது 1,120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து. ஹில்லபிராண்ட் தட்டச்சுப் பொறியில் சின்னச் சின்ன வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்து, இது மனிதர்கள் பேசிக்கொள்ளப் போதுமான அளவுதான் என்று முடிவு செய்தாராம். 1992 டிசம்பர் 3 அன்று நீல் பாப்வொர்த் என்ற இளைஞர் ஒரு கணினியிலிருந்து வோடஃபோன் அதிகாரி ஒருவருக்கு அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்துதான் முதல் எஸ்எம்எஸ்.

அந்த விதிகள் முழுவதும் இன்றைக்கும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. யார் வேண்டுமானாலும் படித்து போன் செய்யலாம், செயலி எழுதலாம், செய்தியை வாங்கி அனுப்பும் செய்தி மையம் கட்டலாம். உங்கள் சிம் ஒரு கம்பெனி, உங்கள் மாமாவின் சிம் வேறு கம்பெனி, அவர் வைத்திருப்பது பத்து வருஷத்துப் பட்டன் போன் என்றாலும் செய்தி போய்ச் சேர்கிறது. யாரையும் எதிலும் சேரச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழுக்கு மட்டும் அதில் ஒரு குறை உண்டு. நம் எழுத்துகள் அந்த 7 பிட் அட்டவணையில் இல்லை. போன் உடனே எழுத்துக்கு 16 பிட் என்று மாறிவிடும், இடம் 160-லிருந்து 70 ஆகக் குறைந்துவிடும். அந்த 70-ம் நம் கணக்கில் 70 எழுத்து இல்லை. ‘கொழுந்து’ என்பது நமக்கு நான்கு எழுத்து. போனுக்கோ ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று, புள்ளி ஒன்று என்று எட்டு இடம். ‘நாளை கொழுந்து வண்டி காலை 9 மணிக்கு வரும்’ என்று எழுதினால் 40 இடம் போய்விடும். ‘மேல் ஹட்டிக்கு மட்டும் மாலை 4 மணி’ என்று அதோடு சேர்த்தால், முற்றுப்புள்ளி வைக்காமலே 74. அது இரண்டு எஸ்எம்எஸ்ஸாக உடையும், கணக்கிலும் இரண்டாகத்தான் கழியும். இதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. தமிழுக்கென்று தனி 7 பிட் அட்டவணை அந்த விதிகளிலேயே பிறகு சேர்க்கப்பட்டது. அதைப் பயன்படுத்தினால் 150-க்கு மேல் அடங்கும். போன்களில் அது புழக்கத்துக்கு வராமலே போய்விட்டது. விதியில் இடம் கொடுப்பது வேறு, செய்து கொடுப்பது வேறு என்று எனக்கு முதலில் புரிய வைத்தது இதுதான்.

இந்தக் குறையோடும் நான் எஸ்எம்எஸ்ஸை விடாததற்குக் காரணம் மழைக்காலம். பர்லியாறு பக்கம் மண் சரிந்து ஃபைபர் அறுந்துபோனால், மேலே இருக்கும் டவர்கள் சின்ன மைக்ரோவேவ் வானலை இணைப்பில் தொங்கிக்கொண்டிருக்கும். அறுபது பேர் ஒரே நேரத்தில் வீடியோ அனுப்பினால் டேட்டா மூச்சு முட்டி நின்றுவிடும். அப்படி ஒரு நவம்பர் இரவில் ஜெனரேட்டர் ஷெட்டுக்குள் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தேன். ஸ்மார்ட்போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சட்டைப் பையில் இருந்த பட்டன் போன் மட்டும் ஒருமுறை அதிர்ந்தது. ‘ரோடு இல்ல. காலைல வர்றோம். டீசல் பாத்துக்க’ என்று தங்லீஷில் ஒரு வரி. எஸ்எம்எஸ்ஸுக்கு டேட்டா பேக் வேண்டாம், வலுவான சிக்னலும் வேண்டாம். ஒரு நொடி தொடர்பு கிடைத்தால் போதும். கிடைக்காவிட்டால் செய்தி மையம் அதை வைத்திருந்து திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். 2009 நவம்பரில் மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை இழந்த மாவட்டம் இது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டரைத் தாண்டி மழை கொட்டியது. இங்கே செய்தி போகும் வழி என்பது வசதியைப் பற்றிய விஷயம் மட்டும் இல்லை.

சரி, எஸ்எம்எஸ்ஸில் கம்பெனி ஆதிக்கமே இல்லையா? நிறைய இருக்கிறது. அனுப்ப அவர்களுக்குச் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லாத செய்திக்கு ஒரு ரூபாய், சில சமயம் அதற்கு மேலும் வாங்கினார்கள். தீபாவளி, பொங்கல், புத்தாண்டு அன்று மட்டும் எஸ்எம்எஸ் பேக் செல்லாது என்று வைத்திருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வாழ்த்து சொல்ல வேண்டிய நாளாகப் பார்த்துத்தான் முழுக் கட்டணம். வாட்ஸ்அப் இங்கே இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அந்தப் பேராசையும் ஒரு காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்றைக்கும் உங்கள் குழு ‘கணினியிலிருந்து மொத்தமாகத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்புகிறோம்’ என்று கிளம்பினால் சுலபமாக நடக்காது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிகளின்படி நிறுவனமாகப் பதிவு செய்ய வேண்டும், அனுப்புநர் பெயரைப் பதிவு செய்ய வேண்டும், அனுப்பப் போகும் வாசகத்தின் மாதிரியையும் முன்கூட்டியே பதிய வேண்டும். அந்தப் பதிவேட்டை நடத்துவதும் தொலைபேசிக் கம்பெனிகள்தான். ஏமாற்றுச் செய்திகளைத் தடுக்கத்தான் இது வந்தது, தேவையும் இருக்கிறது. ஆனால் அறுபது பேருக்கு வண்டி நேரம் சொல்ல விரும்பும் ஒரு ஹட்டிக்கும் பெரிய வங்கிக்கும் ஒரே படிவம் என்பது சரியில்லை. சிறு சங்கங்களுக்கு என்று எளிய வழி ஒன்று வைத்திருக்க வேண்டும்.

ஆனாலும் எஸ்எம்எஸ் உலகத்தில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க, எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம். அதற்கு 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். குறைந்த விலைத் திட்டங்களில் எஸ்எம்எஸ்ஸே அனுப்ப முடியாதபடி வைத்திருந்ததால், ஏழை வாடிக்கையாளர்கள் வெளியே போகவே முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். 2021 டிசம்பரில் டிராய் தலையிட்டு, எந்தத் திட்டமாக இருந்தாலும் அந்த எண்ணுக்குச் செய்தி போகவேண்டும் என்று உத்தரவிட்டது. கம்பெனி பூட்ட முயன்ற கதவைப் பொதுவிதி திறந்து வைத்தது. இது நடக்க முடிந்ததற்குக் காரணம், பல கம்பெனிகள் ஒரே விதிப்படி இயங்கியதும், அவர்களுக்கு மேலே கேள்வி கேட்க ஓர் ஆள் இருந்ததும்தான்.

இணையச் செய்திகளிலும் அப்படி ஒரு காலம் இருந்தது. ஜெரமி மில்லர் 1998-இல் தொடங்கிய ஜாபர், 2004-இல் எக்ஸ்எம்பிபி என்ற பெயரில் முறையான இணையத் தரநிலை ஆனது. மின்னஞ்சல் மாதிரிதான் அது. உங்கள் கணக்கு ஒரு சர்வரில், என் கணக்கு இன்னொரு சர்வரில், இருந்தும் பேசிக்கொள்ளலாம். 2005-இல் வந்த கூகுள் டாக் அதன்மேல்தான் கட்டப்பட்டது. அடுத்த வருஷமே வெளிச் சர்வர்களோடும் இணைந்தது. ஃபேஸ்புக்கும் சில வருஷம் தன் அரட்டைக்கு எக்ஸ்எம்பிபி வாசல் ஒன்றை வைத்திருந்தது. 2009-இல் தொடங்கிய வாட்ஸ்அப்பும் அந்த விதிகளை எடுத்து, தனக்கேற்ப மாற்றி, உள்ளே அடித்தளமாக வைத்துக்கொண்டது. வெளியே கதவே வைக்கவில்லை. 2013-இல் ஹேங்அவுட்ஸ் என்ற புதிய அரட்டைச் செயலி வந்தபோது கூகுளும் வெளிச் சர்வர்களுக்கான கதவை மூடத் தொடங்கியது, பிறகு ஃபேஸ்புக்கும் மூடியது. விதிகள் இன்றைக்கும் அப்படியே திறந்துதான் இருக்கின்றன. ஆட்கள்தான் உள்ளே அடைபட்டுப்போனார்கள்.

வாட்ஸ்அப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாத முழு மறையாக்கத்தை 2016 ஏப்ரலில் நூறு கோடிப் பேருக்கும் கொடுத்து முடித்தது பெரிய காரியம். எஸ்எம்எஸ்ஸில் அது கிடையவே கிடையாது. வழியில் இருக்கும் கம்பெனி படிக்கலாம். நாடுகளுக்கிடையே சிக்னல் போகும் பழைய வலையில் புகுந்து, 2017-இல் ஜெர்மனியில் வங்கி ஓடிபிகளைத் திருடி, கணக்குகளைக் காலி செய்திருக்கிறார்கள். ரகசியம் வேண்டிய பேச்சுக்கு எஸ்எம்எஸ் ஆகாது.

ஆனால் வாட்ஸ்அப்பின் விதியை எழுதுவதும் சர்வரை நடத்துவதும் ஒரே கம்பெனி. 2014-இல் ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்கும் ஒப்பந்தம் போட்டபோது உங்களிடம் என்னிடம் யாரும் கேட்கவில்லை. 2021 ஜனவரியில் ‘புதிய நிபந்தனைகளை ஒத்துக்கொள், இல்லாவிட்டால் பயன்படுத்த முடியாது’ என்ற தொனியில் ஓர் அறிவிப்பு வந்தது. அது தொடர்பாக 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம், மெட்டா என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்த ஃபேஸ்புக் கம்பெனிக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2021 அக்டோபர் 4 அன்று, நம் நேரப்படி இரவு 9 மணிக்கு மேல், அந்தக் கம்பெனியின் வலையமைப்பில் நேர்ந்த ஒரு தவறால் உலகம் முழுக்க வாட்ஸ்அப் சுமார் ஆறு மணி நேரம் நின்றது. அது மழை கொட்டிய இரவாக இருந்து, உங்கள் குழுவுக்கு வேறு வழியும் இல்லாமல் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அபராதம் போடலாம், வழக்கு போடலாம். ஆனால் 1900-க்குச் செய்தி அனுப்பி, அதே குழுவை, அதே ஆட்களை இன்னொரு கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது.

இனி நீங்கள் கேட்ட ஆர்சிஎஸ். எஸ்எம்எஸ்ஸுக்கு அடுத்த தலைமுறையாக 2007-இல் சில தொலைபேசிக் கம்பெனிகள் யோசித்தது இது. அடுத்த வருஷம் ஜிஎஸ்எம்ஏ என்ற அவர்களின் உலகக் கூட்டமைப்பு கையில் எடுத்தது. படம், வீடியோ, குழு, ‘படித்துவிட்டார்’ என்ற குறி எல்லாம் உண்டு. ஆனால் கம்பெனிக்கு ஒரு விதமாகச் செய்து, ஒன்றோடு ஒன்று பேசாமல் பல வருஷம் வீணாக்கினார்கள். எல்லோருக்குமான பொது வடிவம் 2016 நவம்பரில்தான் வந்தது. அதற்குள் வாட்ஸ்அப் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

இங்கேதான் கூகுள் வருகிறது. 2015-இல் ஜைப் என்ற ஆர்சிஎஸ் கம்பெனியை வாங்கியது. தொலைபேசிக் கம்பெனிகள் சொந்தமாகச் சர்வர் வைக்கத் தயங்கியபோது, 2019-இல் பிரிட்டனிலும் பிரான்சிலும் அவர்களுக்காகக் காத்திராமல் தன் சர்வர் வழியாகவே நேராகச் சேவை தரத் தொடங்கியது. அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் கூட்டாக ஒரு செயலி செய்யக் கிளம்பி, 2021-இல் கைவிட்டு, ஒவ்வொன்றாகக் கூகுளிடமே போய்ச் சேர்ந்தன. ஆக, ஆர்சிஎஸ்ஸின் விதிப்புத்தகம் எல்லோருக்கும் பொது. ஆனால் உலகின் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் செயலியும் கூகுளுடையது, பின்னால் ஓடும் சர்வரும் பல இடங்களில் கூகுளுடையது. எஸ்எம்எஸ் செயலி என்றால் ஒரு கல்லூரி மாணவர்கூட எழுதிவிடலாம், ஆண்ட்ராய்டில் அதற்கு வழி இருக்கிறது. ஆர்சிஎஸ்ஸுக்கு அப்படி ஒரு வழியை வெளிச் செயலிகளுக்குக் கூகுள் திறந்துவிடவில்லை. அதனால்தான் உங்களிடம் சொன்னவர் சொன்னது பாதிதான் சரி என்கிறேன்.

மறையாக்கத்தின் கதையும் இதேதான். 2021-இல் கூகுள் தன் செயலிக்குள் இருவர் பேச்சுக்கு மறையாக்கம் கொடுத்தது. அது கூகுள் தானாகச் சேர்த்தது, பொது விதியில் இல்லை. 2024 செப்டம்பரில் ஐபோனுக்கு ஆர்சிஎஸ் வந்தபோது, ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இடையே போன செய்திகள் மறையாக்கம் இல்லாமல்தான் போயின. 2025 மார்ச்சில்தான் எம்எல்எஸ் என்ற திறந்த தரநிலையை வைத்து மறையாக்கம் ஆர்சிஎஸ் விதிக்குள் வந்தது, ஆதரிப்பதாக ஆப்பிளும் அறிவித்தது. இது நல்ல செய்தி, மனதார வரவேற்கிறேன். பொது விதி வளர ஆகும் காலத்தையும் இதில் பாருங்கள். தனிக் கம்பெனி 2016-இல் முடித்த வேலைக்குக் கம்பெனிகளின் கூட்டமைப்பு 2025 வரை எடுத்துக்கொண்டது. திறந்த தரநிலை வேண்டும் என்று வாதாடுகிற என்னைப் போன்றவர்கள் இந்தத் தாமதத்தை மறைக்கக் கூடாது.

உங்கள் ஊருக்கு என்று பார்த்தால் இன்னும் நேரடியான சிக்கல்கள் உண்டு. ஆர்சிஎஸ்ஸுக்கும் டேட்டா வேண்டும். டேட்டா இல்லாதபோது இருவர் பேச்சு எஸ்எம்எஸ்ஸாக மாறிப் போகலாம். குழுவுக்கு அந்த வசதி இல்லை. அதில் ஒருவர் பட்டன் போன் வைத்திருந்தாலும் குழு, படம் அனுப்ப வந்த பழைய எம்எம்எஸ்ஸுக்கு இறங்கும், நம் நாட்டில் எம்எம்எஸ் வழக்கொழிந்தே போய்விட்டது. ஐபோன் வைத்திருப்பவருக்கு அவர் சிம் கம்பெனியும் ஆர்சிஎஸ்ஸுக்கு ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். இன்னொன்று, இங்கே பலரும் செய்வது: ஸ்மார்ட்போன் தண்ணீரில் விழுந்தால் சிம்மைக் கழற்றிப் பழைய போனில் போட்டுக்கொள்வோம். ஆர்சிஎஸ் சர்வருக்கு அது உடனே தெரியாது, செய்திகள் நனைந்த ஸ்மார்ட்போனின் பெயரிலேயே காத்திருக்கலாம். இதற்காகவே, கையில் போன் இல்லாமலும் ஆர்சிஎஸ்ஸை அணைக்கக் கூகுள் ஓர் இணையப் பக்கம் வைத்திருக்கிறது. தோட்டத்தில் நிற்கும் பாட்டிக்கு அந்தப் பக்கத்தை யார் போய்த் தேடிக் கொடுப்பது?

விளம்பரத் தொல்லையையும் சொல்ல வேண்டும். 2022-இல் இந்தியாவில் ஆர்சிஎஸ் வழியாகக் கடன் விளம்பரங்கள் குவிந்து, ஆட்கள் கொதித்துப்போனபிறகு, கூகுள் அந்தச் சேவையைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. எஸ்எம்எஸ் விளம்பரத்துக்கு டிராய் விதிப்படி புகார் செய்ய ஒரு முறை இருக்கிறது. ஆர்சிஎஸ்ஸில் அன்றைக்கு முடிவெடுத்தது கம்பெனிதான்.

ஐரோப்பாவில் வேறு ஒரு வழியை முயல்கிறார்கள். அங்கே புதிய சட்டத்தின்படி, வாட்ஸ்அப் போன்ற பெரிய செயலிகள், கேட்டு வரும் வேறு செயலிகளுக்குக் கதவு திறக்க வேண்டும். நம் நாட்டிலும் அது வேண்டும் என்பது என் ஆசை. எண்ணோடு வெளியே விடு என்று தொலைபேசிக் கம்பெனிக்குச் சொன்ன அரசு, குழுவோடு வெளியே விடு என்று செயலிக்குச் சொல்ல முடியாதா என்ன?

அதுவரைக்கும் நீங்கள் செய்யக்கூடியது இது. படம், விலைப்பட்டியல், பேச்சு எல்லாம் வாட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும். வண்டி நேரம் மாறினாலும் சாலை போனாலும் மட்டும் எஸ்எம்எஸ்ஸும் போகட்டும். தனிநபர் சிம்மிலிருந்து ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ் பெரும்பாலான திட்டங்களில் உண்டு. ஒருவரே அறுபது பேருக்கும் அனுப்ப வேண்டாம். ஐந்து பேர் ஆளுக்குப் பன்னிரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்த ஐந்து சிம்மும் ஒரே கம்பெனியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டங்கள் 2025 ஜனவரி முதல் கிடைக்கின்றன, டேட்டாவுக்குச் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியதில்லை. பேரிடர் எச்சரிக்கைச் சோதனையாக 2023-இல் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கிறதா? அது செல் பிராட்காஸ்ட், அதுவும் திறந்த தரநிலைதான். டவரின் எல்லைக்குள் இருக்கும் எல்லா போன்களுக்கும் எண் தெரியாமலே போகும். போன் அமைப்புகளில் அந்த எச்சரிக்கையை யாரும் அணைத்து வைத்திருக்கிறார்களா என்று மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

அப்புறம், அறுபது பேரின் எண்களையும் ஒரு நோட்டில் பேனாவால் எழுதி, எடை போடும் ஷெட்டில் தொங்கவிடுங்கள். நாளைக்கு எந்தச் செயலிக்குப் போனாலும் அந்த நோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். வாசகத்தையும் இப்போதே எழுதி போனில் சேமித்துக்கொள்ளுங்கள். ‘ரோடு இல்லை. இன்று கொழுந்து பறிக்க வேண்டாம்’ என்றால் 70-க்குள் அடங்கிவிடும்.